இரண்டாம் பாதி

பிடில்காரருக்கு இடது தோள் இறுகிப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கையை மார்புக்கு மேலே தூக்க முடியாது. சட்டை போடுவதென்றால் முதலில் நோவுகிற கையை நுழைத்துவிட்டு, மற்றதைச் சுற்றி வளைத்து இழுக்க வேண்டும். காலையில் அதற்கே கால் மணி நேரம் போகும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விரல்களைப் பூச்சி ஊர்வதுபோல மேலே ஏற்றிப் பழகச் சொல்லியிருந்தாள். அவர் தவறாமல் செய்தார். விரல் எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நான்கு மாதத்துக் கோடுகளும் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து ஒற்றைக் கோடாகத் தடித்துவிட்டன.

நகரத்து அரங்கின் வாத்தியக் குழுவில் முப்பத்தைந்து வருஷம் வயலின் வாசித்தவர். இரண்டாம் வரிசையில் கடைசி நாற்காலி. குழுவில் அவருக்குப் பட்டப்பெயரே 'கடைசி நாற்காலி'தான். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. "முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்குத் தன் வாசிப்பு மட்டுந்தான் கேக்கும். எனக்கு எல்லாரோடதும் கேக்கும்" என்பார்.

உண்மையில் வாசிப்பதைவிடக் கேட்பதில்தான் அவருக்குப் பித்து அதிகம். வெளியூரிலிருந்து பெரிய கலைஞர்கள் வந்தால், அரங்கத்து ஆட்களை மேல்மாடத்தில் நின்று கேட்க விடுவார்கள். அவர் ஒன்றைக்கூட விட்டதில்லை. தூணில் முதுகைச் சாய்த்து, கால் மாற்றிக் கால் நின்று, முந்நூறு நானூறு கச்சேரி கேட்டிருப்பார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை. விடியுமுன் போனால் பகல் இரண்டு மணிக்குத்தான் வருவாள். ஈரப் படுக்கைவிரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையை எதிரில் இன்னொருத்தியும் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. ஆவியிலேயே நின்று நின்று அவள் விரல் நுனியில் ரேகை அழிந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து வெந்நீர்த் தொட்டியில் காலை விடுவாள். பத்து நிமிஷம் யாரும் அவளிடம் பேசக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

அந்த மழைக்காலத்தில்தான் நூலகக்காரம்மா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். நான்கு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்க, நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.

"லிஃப்ட் போன வருஷமே செத்துப்போச்சு. இன்னும் யாரும் எடுத்துப் போடல. உள்ள வாங்க" என்றார் பிடில்காரர்.

அரங்கத்தில் நடந்த கச்சேரிகளைப் பற்றி, கேட்டவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிந்துவைக்கிற வேலையை நூலகம் எடுத்திருந்தது. வாசித்தவர்கள் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். கேட்டவர்கள்தான் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் மூன்று மணிக்கு வருவாள். மூன்று வாரம் போதும் என்றாள். கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்தாள். அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மழைக்காலமானதால் அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தது. அவள் தலைக்கு நேர் மேலே பிடில்காரரின் பனியன் தொங்கியது.

"எதுலேருந்து ஆரம்பிக்கிறது?" என்று அவர் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு மறக்காதது எதுவோ, அதுலேருந்து சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மழைக்குக்கூட அரங்கத்துப் பக்கம் ஒதுங்காத குடும்பம் எங்களுது. நான் மழைக்குத்தான் ஒதுங்கினேன். அப்போ ஒரு ஹோட்டல்ல சாப்பிடுறவங்க காதுல விழுறதுக்காக வாசிச்சுக்கிட்டிருந்தேன். பத்தொம்பது வயசு. உள்ள ஒருத்தர் செல்லோ வாசிக்கிறாரு. பாதியில ஒரு தந்தி அறுந்துபோச்சு. பட்டுனு சத்தம். சபையே திடுக்குனு ஆயிருச்சு. அந்த மனுஷன் நிறுத்தல. மிச்சம் மூணு தந்தியிலயே, விரலை எங்கெங்கேயோ கொண்டுபோய் முடிச்சாரு. எதிர்ல நின்ன எனக்கு வேர்த்துருச்சு."

பிறகு வரிசையாக வந்தன. தொண்டை கட்டிக்கொண்டதால் பாட்டை மேடை ஓரத்தில் வந்து நின்று பேச்சாகவே சொன்ன பாட்டுக்காரி. எழுபது வயதில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்ட புல்லாங்குழல்காரர். வாயில் குழல் பட்டதும் அந்தக் கிழவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை.

"இன்னொரு தடவை மின்சாரம் போயிருச்சு. கும்மிருட்டு. மேடையில நாலு பேர். ஒருத்தரும் நிறுத்தலையே! இருபது நிமிஷம் இருட்டுலயே வாசிச்சாங்க. வெளியில நல்ல பனி கொட்டுது..."

"பனி இல்ல, மழை" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

நூலகக்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"பனிதான்" என்றார் பிடில்காரர்.

"உங்க கோட்டைப் புழிஞ்சவ நான். ஒரு வாளித் தண்ணி வந்துச்சு. பனியைப் புழிஞ்சா வரும்? அன்னிக்கு அரங்கத்துல மட்டுமா கரண்ட் போச்சு? வீட்டுலயுந்தான் போச்சு. பொண்ணு மாடிப்படியில உருண்டு முன்பல்லை ஒடச்சுக்கிட்டா. அவளுக்கு அப்ப ஏழு வயசு."

"சரி, மழை" என்று அவர் பெட்டியிடம் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. அவர் ஒரு கச்சேரியைச் சொல்வார். உள்ளே காய் நறுக்குகிற சத்தம் நிற்கும். பாட்டுக்காரி வந்தது வசந்த காலத்தில் இல்லை, கூரை ஒழுகின வருஷத்து மழையில். புல்லாங்குழல்காரர் வந்த அன்று பெண்ணுக்கு அம்மை. அரங்கத்தில் நடந்ததெல்லாம் அவர் கணக்கு, அதே பொழுதில் வீட்டில் நடந்ததெல்லாம் அவள் கணக்கு. இரண்டும் சேர்ந்தபோதுதான் வருஷம் சரியாக வந்தது.

நூலகக்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்களும் இங்க வந்து உக்காருங்களேன், உங்களையும் பதிஞ்சுக்கறேன்" என்றாள்.

"ஐயோ, நான் என்னத்தக் கண்டேன்? செவிடன் காதுல ஊதின சங்குதான். ஒரே ஒரு தடவை, இவர் வாசிக்கிற கச்சேரிக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. அதுக்கு முந்தின நாள்தான் ரெண்டு ஷிப்டு பாத்திருந்தேன். இருட்டு, மெத்து மெத்துனு நாற்காலி. தூங்கிட்டேன். கொறட்டை வேற விட்டேனாம். அதோட கூப்பிடவே இல்ல."

"நீதான் இனிமே வரலைன்னே."

"நீங்க கேட்டது அப்பிடி. 'வர்றியா'ன்னா வருவேன். 'தூங்க மாட்டியே'ன்னு கேட்டா?"

மூவருமாகச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

இரண்டாவது செவ்வாயும் மழை. நூலகக்காரம்மா பெட்டியைத் தட்டிவிட்டுக் கேட்டாள்: "இத்தனை கேட்டிருக்கீங்க. இதுலயே உச்சம்னா எதைச் சொல்வீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. இந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான். வாத்தியக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், முடிதிருத்துகிறவரிடம், மருமகனிடம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"பியானோக்காரர் ஒருத்தர் வந்தாரு. அவர் வெளிய வந்து வாசிச்சே பத்து வருஷம் ஆகியிருந்துச்சு. அது ஒண்ணுதான் நான் உக்காந்து கேட்ட கச்சேரி. எங்க குழுத் தலைவருக்குக் காய்ச்சல், அவர் டிக்கெட்டை எனக்குக் குடுத்துட்டாரு. ஏழாவது வரிசை, நட்டநடு இடம். முதல் பாதி நல்லா இருந்துச்சு. ஆனா ரெண்டாம் பாதி இருக்கே..." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த மெதுவான பகுதி வந்தப்போ அறுநூறு பேர்ல ஒருத்தர்கூட மூச்சு விடல. கடைசி ஒலி அடங்கினப்புறமும் கைதட்டத் தோணல யாருக்கும். வாசிச்சவரே பயந்துபோய்த் திரும்பிப் பாத்தாரு. ஏதோ கோயில்ல தப்பான நேரத்துல நுழைஞ்சுட்ட மாதிரி எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாங்க."

அவர் நிறுத்தினார். திருத்தம் வரும் என்று நூலகக்காரம்மா அடுப்படிப் பக்கம் புன்னகையோடு பார்த்தாள். அங்கே குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சற்றுக் கழித்து அதுவும் நின்றது. எந்த வருஷம், என்ன மழை என்று யாரும் சொல்லவில்லை.

"எந்த வருஷம் அது?" என்று நூலகக்காரம்மாவே கேட்டாள்.

"இருபத்தொம்பது வருஷம் ஆச்சு" என்றார் பிடில்காரர், குரலைத் தாழ்த்தி.

நூலகக்காரம்மா போனபின் அவர் அடுப்படி வாசலில் போய் நின்றார். மனைவி, கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் சொன்னீங்க."

அதன்பின் மூன்று நாள் அவள் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை என்றால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். இது சண்டையில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், தொட்டியில் கால் வைத்தாள், துணி மடித்தாள். பத்து நிமிஷச் சட்டம் நாள் முழுக்க நீண்டுவிட்டதுபோல இருந்தது.

அவருக்குக் காரணம் தெரியும். அந்தக் கச்சேரி நாள் காலையில், ஏழு மாதக் கர்ப்பமாயிருந்த அவள், இடுப்பு வலிக்கிறது என்று சொன்னாள். இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, படுத்துக்கோ சரியாயிடும் என்று சொல்லிவிட்டு அவர் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். அவள் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் வலி அதிகமாகி, நாலு வயதுப் பெண்ணைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டு, பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது. கச்சேரி முடிந்து அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதைப் பற்றி அவர்கள் அப்புறம் பேசியதில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வரும் நேரத்துக்கு அவர் ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு வேகவைத்து, தோலோடு தட்டில் எடுத்துவைத்திருந்தார். உரிக்க இரண்டு கை வேண்டும். அவள் தொட்டியில் காலை விட்டபடியே கிழங்கை எடுத்து உரித்தாள். பத்து நிமிஷம் ஆனதும் அவளே பேசினாள்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னிக்கு இடைவேளையில தையல்காரம்மா வீட்டுக்குப் போன் பண்ணீங்கல்ல?"

அவர் பிடித்திருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யார் சொன்னா?"

"அவங்கதான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுவந்தாங்க. 'ஏழு மணிக்கே போன் பண்ணினாரே, நான் சொல்லிட்டேனே, உடனே வந்தாரா'ன்னு கேட்டாங்க. 'வந்தாரு'ன்னு சொன்னேன்."

"அப்போலேருந்து தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? போன உசிரு திரும்பவா போகுது?" அவள் உரித்த கிழங்கைத் தட்டில் வைத்து அடுத்ததை எடுத்தாள். "கேக்காட்டி என்ன, எனக்கு நானே ஒரு பதில் வெச்சிருந்தேன்."

"என்னன்னு?"

"ஏதோ பெருசா ஒண்ணு கேட்டிருக்கீங்க. ஒரு மனுஷன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கான்னு தெரிஞ்சும் எந்திரிக்க முடியாத மாதிரி ஒண்ணு. எனக்கு அது புரியாது. நான் தூங்கிடுற ஆளு. ஆனா உலகத்துல அப்பிடி ஒண்ணு இருக்கு, அதுதான் உங்களைப் பிடிச்சு வெச்சிருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைச் சொல்லும்போதெல்லாம் உள்ள நின்னு கேப்பேன். மூச்சு விடாத கூட்டம், தலை குனிஞ்ச கூட்டம்னு கேக்கும்போது, சரி, அப்பிடிப்பட்டதுதான் போலன்னு மனசு ஆறும். செவ்வாக்கிழமைதான் தோணுச்சு, முதல் பாதியப் பத்தி ஒரு வரிக்கு மேல சொல்ல மாட்டேங்கிறாரேன்னு. போன் பண்ணினதுக்கு அப்புறம் கேட்டதைத்தானே இவ்வளவு நல்லாச் சொல்றாருன்னு. அது கொஞ்சம் குத்திருச்சு. அவ்வளவுதான்."

அவர் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அதோடு போயிருக்கும். அவள் கிழங்கை மசித்திருப்பாள், இருவரும் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் அவருக்குக் களைப்பாக இருந்தது. தோளும் களைத்திருந்தது, அந்தக் கதையைச் சுமந்த இடமும் களைத்திருந்தது.

"நான் அதைக் கேக்கவே இல்ல" என்றார்.

"எதை?"

"ரெண்டாம் பாதிய. போனை வெச்சுட்டு உள்ள வந்தேன். கோட்டை எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். வரிசை நடுவுல இடம். பன்னிரண்டு பேர் முழங்காலைத் தாண்டணும். கோட்டை எடுக்க உக்காந்தேன். விளக்கை அணைச்சுட்டாங்க. ஒரு பாட்டு முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுது. எந்திரிக்கல. பயம். நான் போனாத்தானே அது நிஜம்னு ஆகும், இங்கேயே இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு முட்டாள்தனம். அவர் கை அசையறது தெரிஞ்சுது. ஒரு ஒலிகூடக் காதுல ஏறல. எல்லாரும் கைதட்டினப்போதான் முடிஞ்சுருச்சுன்னே தெரியும்."

அவள் கை கிழங்கோடு அப்படியே நின்றது.

"அப்போ அந்த மூச்சு விடாத கூட்டம்?"

"மறுநாள் பேப்பர்ல போட்டிருந்துச்சு. உன் வார்டுக்கு வெளிய வராந்தாவுல உக்காந்து படிச்சேன்."

"தலை குனிஞ்சதும்?"

"அதுவும் பேப்பர்தான்."

அவள் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தாள். பிறகு பேசியபோது குரல் உயரவில்லை.

"இதை ஏங்க இப்பச் சொன்னீங்க? இருபத்தொம்பது வருஷமா அதை வெச்சுத்தான் ஒப்பேத்திட்டிருந்தேன். ஒரு நல்ல பாட்டுக்காக வரலைன்னா அது ஒரு கணக்கு. ஒண்ணுமே இல்லாததுக்காகவா வரல? உங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. இப்ப என் தலையிலல்ல தூக்கி வெச்சுட்டீங்க?"

"தப்புதான்."

"தப்புதான்னு தெரியும். புதுசா ஏதாச்சும் சொல்லுங்க."

தொட்டித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அவள் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உரித்த கிழங்குகளை மசிக்காமலே மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். ஆளுக்கு இரண்டு கிழங்கு, உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்கள். வெளியே மழை விட்டு, கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது செவ்வாய் நூலகக்காரம்மா வந்தபோது, மனைவி அடுப்படியில் இல்லை. கொடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று நூலகக்காரம்மாவுக்கு நுழைந்தவுடனே தெரிந்துவிட்டது. எதுவும் கேட்காமல் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"போன வாரம் சொன்னதுல ஒரு திருத்தம் இருக்கு" என்றார் பிடில்காரர்.

"சொல்லுங்க. பழசை அழிக்கணுமா?"

"வேண்டாம். அதுக்குப் பக்கத்துல இதையும் வைங்க." அவர் சிவப்பு விளக்கு எரிகிறவரை காத்திருந்தார். "அந்தப் பியானோக்காரரோட ரெண்டாம் பாதி எனக்குத் தெரியாது. நான் சொன்னதெல்லாம் பேப்பர்ல எழுதினவர் கேட்டது. அன்னிக்கு எனக்கு வேற இடத்துல இருக்கவேண்டிய வேலை இருந்துச்சு. என் மனைவி ஆஸ்பத்திரியில இருந்தா. தெரிஞ்சும் நான் போகல. அதனால என்னோட கச்சேரி இடைவேளையோட முடிஞ்சுருச்சு. அவ்வளவுதான்."

நூலகக்காரம்மா மனைவியைப் பார்த்தாள். "அம்மா, இது இருக்கட்டுமா? வேண்டாம்னா எடுத்துடறேன்."

மனைவி ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும். நடந்ததுதானே" என்றாள்.

பெட்டி இன்னும் பதிந்துகொண்டிருந்தது. நூலகக்காரம்மா நிறுத்துவதற்காகக் கையை நீட்டியபோது மனைவி நிமிர்ந்தாள்.

"முதல் பாதியாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நெஜமா?"

"நெஜமா. அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"அது எப்பிடி இருந்துச்சு?"

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு கச்சேரியைப் பற்றி அவரிடம் இப்படிக் கேட்டதே இல்லை. அவர் பெட்டியை விட்டுவிட்டு அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பேப்பரில் வந்த வார்த்தைகளை வாய்க்கு வராமல் தள்ளிவிட்டுத் தேட வேண்டியிருந்தது.

"அவருக்கு இருமல். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல கைக்குட்டைய எடுத்து இருமிட்டு, மடிச்சு வெச்சுட்டு வாசிப்பாரு. உக்காந்த முக்காலி கிறீச்சுனு ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மூணு இடத்துல விரல் தப்பிருச்சு. வயசாயிருச்சுல்ல. அப்புறம் இடைவேளைக்கு முன்னாடி ஒண்ணு வாசிச்சாரு. வலது கையால மட்டும். இடது கையை மடியில வெச்சுக்கிட்டாரு."

"என்ன அது?"

"பேர் தெரியாது. அச்சடிச்ச தாள்ல இல்ல. அவராத்தான் வாசிச்சாரு."

"எப்பிடிப் போகும்?"

பிடில்காரருக்குப் பாட வராது. குழுவில் எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். வயலினை எடுக்கவும் வழியில்லை. கரகரத்த தொண்டையில், சுருதி முன்னும் பின்னும் நழுவ, மெல்ல முனகிக் காட்டினார். ஏறி, ஓரிடத்தில் தயங்கி, ஏறிய வழியிலேயே இறங்கிவந்தது. முடிந்துவிட்டது.

மனைவி காத்திருந்தாள். மேலே வரவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ரொம்பச் சின்னதா இருக்கே."

"ஆமா. சின்னதுதான்."

அவள் மடியிலிருந்த காலுறைகளைப் பக்கத்தில் எடுத்துவைத்தாள். புறங்கையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "நான் தூங்கல."